சிவப்பணுவின் வாயிலும் கிள்ளான் காய்ச்சலும்

1901-ஆம் ஆண்டு கிள்ளான் நகருக்கு மிகக் கொடிய ஆண்டாக இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் என்று வழங்கும் இடம் அதுவே. திறப்பு விழாவின் ஆரவாரம் அடங்குமுன்னரே அங்கே குளிர்காய்ச்சல் பரவிவிட்டது. மூட்டை சுமந்தவரும் தண்டவாளம் போட்டவரும் கூட்டங்கூட்டமாகப் படுத்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அதிகாரிகள் ஆலோசிக்கும் நிலை வந்தது. கிள்ளானின் மக்கள் தொகை அக்காலத்தில் ஏறத்தாழ 3,500-தான். நகரிலும் துறைமுகத்திலும் சேர்த்து அவ்வோராண்டில் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர்.

அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்ஸன் என்னும் இருபத்தேழு வயது ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்னும் உண்மை அப்போது நான்கே ஆண்டுப் பழமையுடையது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனை 1897-இல் கண்டறிந்தார். புத்தகத்தில் இருந்த அவ்வுண்மையை மண்ணில் செய்து பார்க்கும் வாய்ப்பு வாட்ஸனுக்குக் கிட்டியது. சிலாங்கூர் மாநில மருத்துவராயிருந்த டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டன, கால்வாய்கள் வெட்டப்பட்டன, நகரை நெருக்கி நின்ற காடு அகற்றப்பட்டது. 1902-இல் காய்ச்சல் சாவு 59 ஆக இறங்கியது. 1905-இல் அது 45.

வைத்திய வரலாற்றில் இதனைப் பெரும் வெற்றியாகக் குறிப்பர், அது தகும். ஆனால் அதே ஏட்டின் அடுத்த வரியில் வேறொரு கணக்கும் இருக்கிறது. நகரையும் துறைமுகத்தையும் நீக்கி, மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் காய்ச்சலால் இறந்தவர் 1901-இல் 266 பேர்; 1905-இல் 351 பேர். நகரில் சாவு குறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓரிரு கல் தொலைவிலேயே அது ஏறிக்கொண்டிருந்தது. அங்கே காடு வெட்டிப் பால்மரம் நடப்பட்டுக்கொண்டிருந்தது. நட்டவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்.

தோட்டத்தில் மடிந்தவர்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை 1886-இல் இரயில் பாதை போடப்பட்டது. அப்பாதையின் ஓரத்தில், செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்புகள் எழுந்தன. தமிழ் ஊழியர் பலர் அங்கே குடியேறினர். பாதையின் மறு முனையில் இறங்கியவர்களோ தோட்டங்களுக்கு நடந்தனர். 1910-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும் வரையில் சிலர் ஒப்பந்தத்தின் பேரிலும், பலர் கங்காணிகளின் கீழும் வந்தனர். காவிரிக் கரையிலும் வறண்ட மேட்டு நிலத்திலும் வளர்ந்த அவர்களுக்கு இந்நாட்டுக் காட்டோரக் காய்ச்சல் புதிது. லயங்களோ பெரும்பாலும் தண்ணீருக்கு அருகிலேயே கட்டப்பட்டன.

வாட்ஸன் தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் விலாவின்கீழ் விரல் வைத்துப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தால் அக்குழந்தை மலேரியாவுக்கு ஆட்பட்டது என்று கொண்டார். நூறு குழந்தைகளில் எத்தனைக்கு அவ்வீக்கம் இருக்கிறது என்பதே ஒரு தோட்டத்தின் உடல்நலத்தை அளக்கும் கோலாயிற்று. அந்த மண்ணீரல் வீக்கத்திற்குப் பொருள் என்ன என்பது பின்னர் வரும்.

அவர் கண்ட மற்றொரு செய்தி அதிர்ச்சி தருவது. கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு, நிழல் படிந்த காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது. அங்கே மரத்தை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் ஓயும். குன்றுப்புறத்தில் இருந்ததோ வேறு இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடைகளையே நாடும். அங்கே காட்டை அகற்றினால் ஓடைகளில் வெயில் விழும், கொசு பெருகும், காய்ச்சல் மிகும். ஆகவே, கிள்ளானைக் காத்த அதே மருந்து குன்றுத் தோட்டங்களில் நஞ்சாக முடிந்தது. பள்ளத்தாக்கு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்துச் செலுத்துவதும், பின்னாளில் நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும் இந்த அனுபவத்தின் விளைவுகளே.

இவ்வளவு சாவுக்கும் நடுவே ஒரு கேள்வி எழுந்தது. ஒரே நாட்டில், ஒரே கொசு கடித்தும், சிலர் எளிதில் மடிகின்றனர், சிலர் தாங்குகின்றனர். இதற்குக் காரணம் என்ன? அந்நாளில் பலர் இனத்தின் வலிவு, மெலிவு என்று பேசித் திருப்தி அடைந்தனர். தமிழ்த் தொழிலாளி இயல்பிலேயே நலிந்தவன் என்று சொல்லிவிட்டால் லயத்தை இடம் மாற்ற வேண்டியதில்லை, ஓடையைக் குழாயில் அடைக்க வேண்டியதில்லை, செலவு மிச்சம். உண்மையான விடை அரை நூற்றாண்டுக்குப் பிறகே, அதுவும் கோலாலம்பூரிலேயே, துலங்கத் தொடங்கியது. அவ்விடை இனத்தில் இல்லை. இரத்தத்தின் ஒரு துளியில், ஒரு சிவப்பணுவின் தோலில், ஒரே ஒரு புரதத்தில் இருந்தது.

முட்டை வடிவான சிவப்பணு

1949-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஓர் எண்ணத்தை அச்சில் வெளியிட்டார். இரத்தத்தில் சில பரம்பரைக் குறைகள் மலேரியா மிகுந்த நாடுகளில் ஏன் அழியாமல் நிலைத்திருக்கின்றன? அக்குறையை அரைகுறையாகப் பெற்றவனை மலேரியா எளிதில் கொல்ல முடியாது. அதனால்தான் என்றார் அவர். 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964-இல் புவனேசுவரத்தில் உயிர்நீத்த அறிஞர் அவரே. 1954-இல் கிழக்காப்பிரிக்காவில் ஆலிஸன் என்பவர் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கொண்டு இந்த எண்ணம் சரியே என்று காட்டினார். தமிழ்நாட்டிலும் அவ்வரிவாள் அணு உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஆனால் மலாயாவுக்குக் கப்பலேறியவரில் மிகப் பெரும்பாலோர் சமவெளி மக்கள். அவர்களிடம் அது அரிது.

கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டிலேயே ஒரு நோயியல் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டிருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பின்னர் உலகப் புகழ் பெற்ற நிலையம் அதுவே. 1960-களில் அங்கே பணியாற்றியவர் இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண் ஆராய்ச்சியாளர் லீ-இஞ்ஜோ லுவான் எங். இந்நாட்டுப் பூர்வகுடி மக்களின் இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்க்கையில், சிலரிடம் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாக இருப்பதைக் கண்டார். சில அணுக்களில் குறுக்கே ஒன்றிரண்டு கோடுகளும் தெரிந்தன. தாய்தந்தையரிடமிருந்து மக்களுக்கு இறங்கும் இயல்பு இது என்று 1965-இல் அவர் எழுதினார். மலாய்க்காரரிடமும் அது காணப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள், பாப்புவா நியூகினி எங்கும் அது கண்டுபிடிக்கப்பட்டது. சில கடலோரச் சமூகங்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேலாக இந்த அணு உண்டு. தென்கிழக்காசிய முட்டையணு என்று இதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிய சிலாங்கூர்க் காடுகளில் நெடுங்காலமாக வாழ்பவர் தெமுவான் மக்கள். அவர்களுடைய இரத்த இயல்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, அடேலா பேயர், லீ-இஞ்ஜோ முதலியோர் 1976-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கொசுவையே நோக்கியிருந்த கண்கள் இவ்வாறு சிவப்பணுவை நோக்கித் திரும்பின.

ஒரு புரதம், மூன்று தொழில்

முட்டை வடிவுக்குக் காரணத்தை அறிய, சிவப்பணுவின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. அது ஹீமோகுளோபின் என்னும் செம்புரதம் நிறைந்த மெல்லிய பை. அதன் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள்.

1971-இல் ஆராய்ச்சியாளர் சிலர் சிவப்பணுவின் உள்ளீட்டைக் கழுவி நீக்கி, எஞ்சிய வெறுந்தோலைச் சோப்புப் போன்ற திரவத்தில் கரைத்தனர். அக்கரைசலை ஒரு கூழ்ப்பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினர். புரதங்கள் எடைக்கேற்பப் பிரிந்து, பட்டை பட்டையாக நின்றன. மேலிருந்து கீழாக அவற்றுக்கு எண் இட்டனர். மூன்றாவதாக நின்ற பட்டை மிகவும் தடித்திருந்தது. அது என்ன செய்கிறது என்று அப்போது தெரியாமையால் மூன்றாம் பட்டை என்னும் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது 911 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒரு சிவப்பணுவில் அத்தகைய சங்கிலிகள் பத்து இலட்சத்திற்கும் மேல் இருக்கின்றன. தோலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இதுவே.

இதன் முதல் தொழில் போக்குவரத்து. உடலின் மூலைமுடுக்கெங்கும் உண்டாகும் கரியமிலவாயு நுரையீரலை அடைய வேண்டும். அவ்வாயுவின் பெரும் பகுதி சிவப்பணுவுக்குள் புகுந்து பைகார்பனேட் என்னும் உப்புத்துகளாக மாறுகிறது. அத்துகள் தோலைக் கடந்து வெளிநீருக்கு வந்தால்தான் மேலும் வாயுவை ஏற்றிக்கொள்ள இடம் உண்டு. கொழுப்பாலான தோலை மின்னேற்றமுள்ள துகள் தானாகக் கடக்க இயலாது. மூன்றாம் பட்டையே அதற்கு வாயில். துறைமுக வாயிலில் ஒரு வண்டி வெளியே செல்ல ஒரு வண்டி உள்ளே வருவது போல, ஒரு பைகார்பனேட் வெளியே செல்ல ஒரு குளோரைடு உள்ளே வருகிறது. நுரையீரலில் இதே பண்டமாற்று மறுதிசையில் நடைபெறும். ஒரு வாயிலில் விநாடிக்குப் பல்லாயிரம் மாற்றங்கள் நிகழ்கின்றன. 1970-களின் ஆராய்ச்சிகள் இவ்வுண்மையை நிலைநாட்டின.

இரண்டாவது தொழில் கட்டுமானம். சிவப்பணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. அது செல்ல வேண்டிய நுண்குழாய்களோ அதிலும் குறுகியவை. மண்ணீரலின் இடுக்குகள் மிகமிகக் குறுகியவை. பை கிழியாமல் வளைந்து நெளிந்து, மறுபடியும் பழைய வடிவத்திற்கு வர வேண்டும். இதற்காகத் தோலின் உட்புறத்தில் ஸ்பெக்ட்ரின் என்னும் நூற்புரதத்தால் ஒரு வலை பின்னப்பட்டிருக்கிறது. அந்த வலையைத் தோலோடு பிணைக்கும் கட்டு ஆங்கிரின் என்னும் புரதம். நங்கூரம் என்னும் பொருளில் அதற்கு அப்பெயர் இட்டனர். நங்கூரம் பற்றி நிற்கும் தூண் எது? மூன்றாம் பட்டையின் உள்வால். 1979-இல் வான் பென்னட்டும் அவருடைய துணைவரும் இதனைக் காட்டினர். வாயிலாகத் திகழும் அதே புரதம் தூணாகவும் நிற்கிறது.

மூன்றாவது தொழில் சாவு. மனித உடலில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ இருபது இலட்சம் சிவப்பணுக்கள் அழிகின்றன. அத்தனையும் புதிதாகப் பிறக்கின்றன. எந்த அணு மூத்தது என்று உடல் எப்படி அறிகிறது? அணு முதிர முதிர அதனுள் இருக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து, மூன்றாம் பட்டையின் உள்வாலில் போய் ஒட்டுகிறது. தனித்தனியே மிதந்துகொண்டிருந்த வாயில்கள் இதனால் கொத்துக் கொத்தாகக் கூடுகின்றன. 1985-இல் பிலிப் லோவும் பிறரும் இதனை விளக்கினர். அக்கொத்தைக் கண்டதும் இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் வெளிப்புறத்தில் வந்து படிகின்றன. மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அவ்வடையாளத்தைக் கண்டு அணுவை விழுங்கிவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் உழைத்த புரதமே கடைசியில் சாவுச்சீட்டையும் ஏந்தி நிற்கிறது.

வாட்ஸன் தொட்டுப் பார்த்த வீங்கிய மண்ணீரலின் பொருள் இப்போது விளங்கும். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. கொடிய வகைக் கிருமி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதினாறு, இருபது, முப்பது எனப் பெருகி, அணுவை உடைத்து வெளிவருகிறது. அவ்வாறு ஒரே நேரத்தில் பல அணுக்கள் உடைவதால்தான் குளிரும் நடுக்கமும். கிருமி புகுந்த அணுக்களிலும் மூன்றாம் பட்டை கொத்தாகிறது, எதிர்ப்பொருள் படிகிறது, விழுங்கணு வருகிறது. மாதக்கணக்கில் ஓயாது இவ்வேலையைச் செய்து மண்ணீரல் பருத்துப் போகிறது. தோட்டத்துக் குழந்தையின் விலாவின்கீழ் மருத்துவரின் விரலுக்குத் தட்டுப்பட்டது, செத்த அணுக்களை அடக்கம் செய்து களைத்த ஓர் உறுப்பே.

ஒன்பது கண்ணிகள் குறைந்த சங்கிலி

1984-இல் நார்லா மோகன்தாஸ், லீ-இஞ்ஜோ, கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மாக் ஜூன் வா முதலியோர் முட்டையணுக்களை இழுத்தும் வளைத்தும் அளந்தனர். அவற்றின் தோல் வழக்கத்தைவிட மிகவும் விறைப்பாக இருந்தது. சிவப்பணுவைத் துளைக்கும் மலேரியாக் கிருமி அதன் தோலை உள்நோக்கி அழுத்தி மடித்துக்கொண்டுதான் நுழைகிறது. மடங்காத தோலுக்குள் புகுவது கடினம். மரபு வழியாக வந்த ஒரு வேலி இது என்று அவர்கள் எழுதினர். பாப்புவா நியூகினி மக்களின் முட்டையணுக்களுக்குள் கிருமி எளிதில் நுழையவில்லை என்று 1981-இலேயே வேறொரு குழுவினர் கண்டிருந்தனர்.

விறைப்புக்குக் காரணம் மூன்றாம் பட்டையில் இருப்பதாக 1990-இல் தெரிந்தது. 1991-இல் யரோலிம், பாலெக் முதலியோர் குறையின் இடத்தையே சுட்டினர். மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் 911 கண்ணிகளில் 400 முதல் 408 வரை ஒன்பது கண்ணிகள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடம் உள்வால் தோலோடு சேரும் மூட்டு. மூட்டுச் சிதைந்தமையால் வாயில் அடைந்துவிட்டது. குறையுள்ள புரதம் துகள்களைக் கடத்துவதே இல்லை. தோலில் தாராளமாக மிதக்க வேண்டிய புரதம் ஒன்றோடொன்று ஒட்டி, வலையோடும் இறுகப் பிணைந்துகொண்டது. ஒருவரிடம் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு மரபணுக்கள் உண்டு. ஒன்று மட்டும் குறையுடையதாயின், மற்றொன்றின் வாயில்கள் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அதனால் முட்டையணு உள்ளவர் பெரும்பாலும் எந்த நோயும் இன்றி வாழ்கிறார். தமக்கு அது இருப்பதையே பலர் அறிவதில்லை.

இந்த வேலி எவ்வளவு வலிது? முழுமையான கோட்டை அன்று. சோதனைக்குழாயில் சில கிருமி வகைகள் முட்டையணுவுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன என்று பின்னர் தெரிந்தது. பழைய சோதனைகள் சிலவற்றில், சேமித்து வைத்த அணுக்களில் ஆற்றல் வற்றிப்போனதும் தடைக்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் திருத்தம் கூறினர். ஆயினும் நோயாளியின் படுக்கையருகே கிடைத்த சான்று வலியது. மலேரியாவின் மிகக் கொடிய நிலை, கிருமி ஏறிய அணுக்கள் மூளையின் நுண்குழாய்களை அடைத்து மயக்கம் உண்டாக்குவது. பாப்புவா நியூகினியில் அந்நிலையில் இருந்த 68 குழந்தைகளையும், அவர்களுக்கு ஒப்பான நலமுள்ள 68 குழந்தைகளையும் சோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். நலமுள்ளவரில் அறுவருக்கு முட்டையணு இருந்தது. மூளைக் காய்ச்சல் கண்டவரில் ஒருவருக்குக்கூட இல்லை.

கொடுத்த விலை

இவ்வளவு நன்மை தரும் அணு ஏன் எல்லோரிடமும் பரவவில்லை? காரணம் எளிது, ஆனால் துயரமானது. தாய்க்கும் தந்தைக்கும் முட்டையணு இருந்தால், அவர்களுடைய கருக்களில் நான்கில் ஒன்று இருபுறமும் குறையுள்ள மரபணுவையே பெறும். அக்கருவின் சிவப்பணுக்களில் திறக்கும் வாயில் ஒன்றும் இராது. அத்தகைய கருக்கள் பெரும்பாலும் பிறப்பதே இல்லை. உயிரோடு பிறந்து வளர்ந்த ஒரு குழந்தையைப் பற்றி 2014-இல் மருத்துவர்கள் விரிவாக எழுதினர். கருவில் இருக்கும்போதே இரத்தம் ஏற்றி, பிறந்த பின்னும் தொடர்ந்து ஏற்றியே அக்குழந்தையைக் காக்க வேண்டியிருந்தது.

மற்றொரு விலை சிறுநீரகத்தில் கொடுக்கப்படுகிறது. இதே மரபணு சற்றுக் குறுகிய வடிவில் சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. உடலின் புளிப்பை வெளியேற்ற உதவுவது அது. முட்டையணு மட்டும் இருந்தால் சிறுநீரகத்திற்கு ஊறு அரிது. ஒரு பெற்றோரிடமிருந்து முட்டையணுக் குறையும், மற்றவரிடமிருந்து அதே மரபணுவில் வேறொரு குறையும் வந்தால், புளிப்பு உடலிலேயே தங்கிவிடும். குழந்தை வளராது, எலும்பு மெலியும், சிறுநீரகத்தில் கல் தோன்றும். மலேசியக் குடும்பங்களிலும் பாப்புவா நியூகினிக் குடும்பங்களிலும் இதனை ஆராய்ந்த அறிக்கை 2000-இல் வெளிவந்தது. உரிய காலத்தில் கண்டுகொண்டால் காரமருந்து கொடுத்து இக்குழந்தைகளை நன்றாக வளர்த்துவிடலாம். ஆதலின், ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கூடத்தின் வியப்பாக இருந்த செய்தி, இப்போது குழந்தை மருத்துவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகிவிட்டது.

எண்ணற்ற தலைமுறைகளாக மலேரியாவோடு போராடிய மக்கள், தம் கருவில் சிலவற்றைப் பலி கொடுத்துத் தம் குழந்தைகளில் பலரைக் காத்துக்கொண்டனர். இது எவரும் அறிந்து செய்த பேரம் அன்று. அதனை ஓர் இனத்தின் வலிவு என்று புகழ்வதும், அது இல்லாத மக்களை மெலிந்தவர் என்று இகழ்வதும் ஒன்றுபோலவே பொருளற்றவை. மலேரியா குறைந்த வறண்ட நாட்டில் வாழ்ந்தவரின் உடலுக்கு அப்பேரம் தேவைப்படவில்லை, அவ்வளவே.

கால்வாயும் புரதமும்

இனி 1905-இன் அந்த இரு வரிகளை மீண்டும் நோக்கலாம். நகரில் 45 சாவு, சுற்றுப்புறத்தில் 351. இவ்வேறுபாட்டை எந்தப் புரதமும் உண்டாக்கவில்லை. 1901-இல் கிள்ளான் நகரில் மடிந்தவருக்கும் 1902-இல் பிழைத்தவருக்கும் சிவப்பணுவில் வேறுபாடு இல்லை. இடையில் வெட்டப்பட்ட கால்வாயே வேறுபாடு. இரத்தத்தில் வேலி இல்லாத தமிழ்த் தொழிலாளிக்கு வெளியே வேலி இட்டிருக்கலாம் என்பதை நகரம் மெய்ப்பித்துவிட்டது. தோட்டங்களில் அவ்வேலி இடப்பட எத்தனையோ ஆண்டுகள் கடந்தன. 1911-இல் மலேரியா ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. குழாய்களும் எண்ணெயும் கொய்னாவும் மெல்ல மெல்ல லயங்களை எட்டின. அந்தத் தாமதத்தின் கணக்கு, பெயர் எழுதப்படாத தோட்டத்து இடுகாடுகளில் கிடக்கிறது.

மலேசியா 2018 முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவில் உள்நாட்டில் தோன்றிய நோயாளி ஒருவரும் இல்லை என்று அறிவித்தது. வாட்ஸனின் காலத்தில் இதனைக் கனவென்றே சொல்லியிருப்பர். ஆனால் காட்டுக் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் மலேரியா ஓயவில்லை. இயற்கையாக அது மனிதரைப் பற்றும் என்று 1965-இல் பகாங் காட்டுக்குச் சென்று திரும்பிய ஒருவரிடம் முதன்முதலாகத் தெரிந்தது. 2004-இல் சரவாக்கில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் அது பரவலாக இருப்பதைக் காட்டினர். காடு வெட்டும் இடத்தில் நோய் எழுவது என்னும் பழைய பாடம் இன்னும் முடியவில்லை.

சிவப்பணுவின் ஒரு புரதம் பொருளைக் கடத்துகிறது, வடிவைத் தாங்குகிறது, அணு மூத்ததும் அதன் முடிவை அறிவிக்கிறது. அதில் ஒன்பது கண்ணிகள் குறைந்ததனால் சில சமூகங்கள் பல தலைமுறைகள் பிழைத்தன. அதனை அறியும் வழியைத் திறந்த இடங்களுள் ஒன்று, காய்ச்சலால் பெயர் கெட்டிருந்த இந்தப் பள்ளத்தாக்கே. இயற்கை ஒரு வேலியைக் கட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, கருவிலேயே விலையும் வாங்கியது. கிள்ளான் நகரில் மனிதர் மண்வெட்டி எடுத்துக் கட்டிய வேலிக்கு ஓராண்டு போதுமாயிருந்தது.